பாச்சா உருண்டை வாசம்

அத்தியாயம் 14

அறுப்பு நாளில் மங்களாம்பிகை வயலை விட்டு நகர்ந்ததாக அந்த ஊரில் சரித்திரமே கிடையாது. பெற்ற மகனின் கல்யாணத்தையே சம்பா அறுப்பு முடியட்டும் என்று தள்ளி வைத்தவள். அப்படிப்பட்டவள் அன்று காலையில் வயல் வேலை பார்க்கும் வீரையனைக் கூப்பிட்டு, “மெஷின் வந்தா மேலண்டை வயல்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லு. நான் கும்பகோணம் போயிட்டு வந்துடறேன்” என்றதும் அவனுக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறிவிட்டது.

“ஏங்கம்மா, உடம்பு சரியில்லீங்களா?”

“எனக்கென்ன கேடு? மருமவளுக்குத்தான்.”

மருமகள் பூர்ணிமா உள்ளே பீரோ கண்ணாடி முன்னால் நின்று கொசுவத்தைச் செருகிக்கொண்டிருந்தாள். வெளியே பேசுவது காதில் விழுந்ததும் கொசுவம் கையிலிருந்து நழுவி அவிழ்ந்தது. தனியாகப் போய்விட்டு வருகிறேன் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். நடக்கவில்லை.

புருஷன் வெளிநாட்டில் இருக்கும் பெண் டாக்டரிடம் தனியாகப் போகக்கூடாது என்று அந்தத் தெருவில் யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். காய்ச்சலென்று பாபநாசம் வரை போனால்கூட மாமியாரோ நாத்தனாரோ கூடப் போக வேண்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

போன வாரம் அவள் புருஷன் சூர்யபிரகாஷ் போனில் கேட்ட கேள்வி வேறு வீட்டுக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வருவதா? “போடுடா. மாடி கட்டி முடிக்க வேணாமா?” என்று மங்களாம்பிகை மூச்சு விடாமல் சொல்லிவிட்டாள். பூர்ணிமாவை யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறேன், யோசித்து முடிவாகச் சொல்லுங்கள் என்று அவன் போனை வைத்துவிட்டான்.

இன்று சனிக்கிழமை.

டவுன் பஸ்ஸில் பூர்ணிமா சீட்டின் விளிம்பில் ஒட்டினாற்போல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நாளாகவே கீழே எரிச்சல். ஒன்றுக்குப் போனால் உயிர் போய்த் திரும்பியது. மோரைக் குடித்தாள், வெந்தயத்தை விழுங்கினாள், பார்லியைக் கொதிக்க வைத்தாள். எதற்கும் அடங்கவில்லை. அரிவாள்மணையில் உட்கார முடியாமல் அவள் நெளிந்ததை மங்களாம்பிகையின் கண் பார்த்துவிட்டது. நெல் பழுத்ததை வரப்பில் நின்றே சொல்லும் கண் அது, அதற்குத் தப்புமா?

காரணம் பூர்ணிமாவுக்குத் தெரியும். அது பீரோவில், கூரைப் புடவைக்கு அடியில் இருக்கிறது.

அதற்கு அவளிடம் பெயர் கிடையாது. மனசுக்குள்கூட ‘அது’ என்றுதான் சொல்லிக்கொள்வாள். போன சித்திரையில் லீவுக்கு வந்திருந்த சூர்யபிரகாஷ், திரும்பிப் போகிற நேரத்தில் ஷூ டப்பாவுக்குள்ளிருந்து அதை எடுத்தான். சுவரைப் பார்த்துக்கொண்டே, “நான் இல்லாதப்ப… உனக்கு” என்றான். பேட்டரியில் ஓடுகிற, மெத்தென்ற ரப்பர் சாதனம். எதற்கென்று புரிந்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. நீ இருக்க வேண்டிய இடத்தில் இதை வைத்துவிட்டுப் போகிறாயா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. ஏர்போர்ட்டுக்குப் போகும் மனிதனிடம் என்ன சண்டை என்று விட்டுவிட்டாள்.

மகள் ஊரில் இருந்தவரை வீட்டில் பேச்சுச் சத்தமாவது இருந்தது. ஆனியில் அவளும் தஞ்சாவூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மாமியாருக்கு வயல், வயலை விட்டால் வரப்பு. பூர்ணிமாவுக்கு டிவி, டிவியை விட்டால் சுவர். ஆளில்லாத வீட்டில் விளக்கு வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, தன்னை யாராவது தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று ஒரு நாள் நினைத்துப் பார்த்தாள். அழுகை வந்தது. அன்றுதான் அதை எடுத்தாள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நீங்களும் நானும் கேட்கலாம். அவள் வெட்கப்பட்டாள்.

கூட வந்த விவரத் தாளை அவன் போன மறுநாளே அடுப்பில் போட்டிருந்தாள். யார் கண்ணிலாவது பட்டுவிட்டால்? ஆக, அதை எப்படிக் கழுவுவது, எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்ல ஆளில்லை. பித்தளைக்குப் புளி, பட்டுக்கு நிழல் என்று எல்லாவற்றுக்கும் ஒரு வழி தெரிந்த கைதான் அவளுடையது. இதற்கு எதைப் போடுவது?

தெரிந்ததையெல்லாம் போட்டாள். காயம் கழுவுகிற லோஷனைத் தண்ணீர்கூடக் கலக்காமல் ஊற்றிக் கழுவினாள். தையல் மெஷினுக்கு விடுகிற மாதிரி நல்லெண்ணெய் தடவினாள். பிளாஸ்டிக் கவரில் சுற்றினாள். பீரோவுக்குள் போகிற எதற்கும் பூச்சி அண்டாமலிருக்கப் பாச்சா உருண்டை போட்டே ஆக வேண்டும் என்பது அந்த வீட்டின் சட்டம். கவருக்குள்ளேயே இரண்டு உருண்டைகளைப் போட்டு முடிச்சுப் போட்டாள்.

“ஏண்டி, தூங்கறியா?” என்றாள் மங்களாம்பிகை.

“இல்லத்தை.”

“நெல்லு ஈரமா இருக்குன்னு வியாபாரி கழிப்பான் பாரு. பனி இன்னும் விடலை.”

“ம்.”

“சாயங்காலம் அவன் கூப்பிட்டா நான் பேசிக்கறேன். நீ எதையாவது சொல்லிக் குழப்பாத.”

பூர்ணிமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று வருஷத்துக்கு முன்பு, ‘ஒரு மாசம் இங்க வந்து இருந்துட்டுப் போ’ என்று சூர்யபிரகாஷே சொல்லி அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வைத்தான். பாஸ்போர்ட் வந்தது. “நீ போயிட்டா அறுப்புக்கு யாரு இருக்கா?” என்று மங்களாம்பிகை அதை வாங்கித் தன் டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தினாள். இன்று வரை பத்திரமாகத்தான் இருக்கிறது.

கும்பகோணத்தில் டாக்டர் மெஹராஜ் பேகத்தின் கிளினிக்கில் கூட்டம் நெரிந்தது. வயிறும் பிள்ளையுமாகப் பெண்கள். பக்கத்திலேயே அவரவர் புருஷன்மார், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டு. ஒருத்தன் தன் பெண்டாட்டியின் செருப்பு வாரைக் குனிந்து மாட்டிவிட்டான். பூர்ணிமா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே கூப்பிட்டபோது மங்களாம்பிகையும் எழுந்து கூடவே வந்தாள்.

டாக்டரம்மா திரைக்குப் பின்னால் பரிசோதித்துவிட்டு வந்து கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். “வீட்டுக்காரர் என்ன பண்றாரு?”

“சிங்கப்பூர்ல இருக்கான் என் மவன்” என்றாள் மங்களாம்பிகை முந்திக்கொண்டு.

“கடைசியா எப்ப வந்தாரு?”

“போன சித்திரைல வந்துட்டுப் போனான்.”

டாக்டரின் பேனா நின்றது. இப்போது தை. பேனா நின்றதை மங்களாம்பிகை பார்த்தாள். மங்களாம்பிகை பார்த்ததைப் பூர்ணிமா பார்த்தாள்.

“அம்மா, நீங்க கொஞ்ச நேரம் வெளியில உக்காருங்க” என்றார் டாக்டர்.

“நான் இருந்தா என்னங்க?”

“உக்காருங்கம்மா. கூப்பிடறேன்.”

கதவு சாத்தியதும் பூர்ணிமா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தன் கதை முடிந்தது என்றே நினைத்தாள். வெளியே அமர்ந்திருப்பவள் இந்நேரம் என்ன கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கணக்கு தப்பு என்று நிரூபிக்க ஒரே வழிதான் உண்டு. அந்த வழியை வாய்விட்டுச் சொல்வதைவிடக் காவிரியில் விழுந்துவிடலாம்.

“இதோ பாரும்மா. கிருமி தொத்தின மாதிரியும் இருக்கு, ஏதோ மருந்து பட்டு வெந்த மாதிரியும் இருக்கு. இங்க பேசறது இந்தச் சுவத்தைத் தாண்டாது. யாராவது…”

“ஐயோ, இல்லீங்க டாக்டர்! சத்தியமா யாருமில்லீங்க.”

“சரி. அப்புறம் எப்படி வந்துச்சு?”

பூர்ணிமா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சொன்னாள் என்பதைவிட, ஒவ்வொரு சொல்லாக விழுந்தது. அவர் வாங்கிக் கொடுத்தது. பேட்டரி. ரப்பர்.

“வைப்ரேட்டரா?” என்றார் டாக்டர், சுகரா பிரஷரா என்று கேட்கிற குரலில்.

அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே பூர்ணிமாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. தலையை ஆட்டினாள்.

“எதுல கழுவின?”

“காயம் கழுவற லோஷன்ல.”

“தண்ணி கலந்தா?”

“கலக்கலீங்க. அப்புறம் நல்லெண்ணெய் தடவினேன்.”

“எண்ணெயா? அது எதுக்கு?”

“துருப்பிடிக்காம இருக்க…”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “ரப்பர் எங்கம்மா துருப்பிடிக்கும்?”

“தெரியலீங்க. அப்புறம் கவர்ல சுத்தி, பாச்சா உருண்டை போட்டு…”

“பாச்சா உருண்டையா!”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அதைப் பார்த்துப் பூர்ணிமாவுக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, நடுவழியிலேயே அழுகையாகிவிட்டது. டாக்டர் டவலை நீட்டி, அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டதும் சொன்னார்.

“கேட்டுக்க. அந்த மெத்துனு இருக்கற ரப்பர்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும். கிருமி உள்ள போயி உக்காந்துக்கும், எதுல கழுவினாலும் போவாது. எண்ணெயும் உருண்டையும் பட்டு இந்நேரம் இளகியும் போயிருக்கும். அதைத் தூக்கிப் போட்டுடு. இனிமே வாங்கினா சிலிக்கான்ல வாங்கணும். எடுக்கறதுக்கு முன்னாடியும் கழுவணும், அப்புறமும் கழுவணும். வெதுவெதுப்பான தண்ணி, வாசனையில்லாத சோப்பு, அவ்வளவுதான். மோட்டார் பக்கம் தண்ணி போகக்கூடாது. நல்லாக் காயவிட்டு, பேட்டரியைக் கழட்டிட்டு, துவைச்ச பருத்தித் துணில சுத்தி வை. எண்ணெய் வேணாம். மருந்துக் கடைல தண்ணில கரையிற ஜெல்லின்னு கேட்டா குடுப்பாங்க. புண்ணு ஆறுறவரைக்கும் எதுவும் கூடாது.”

“இதெல்லாம் தப்பில்லீங்களா டாக்டர்?”

“எண்ணெய் தடவினது தப்பு” என்று சொல்லிவிட்டு அவர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, “உங்க மாமியார்கிட்ட சூடுன்னு சொல்லிடறேன். சரியா?” என்றார்.

சொன்னார். மங்களாம்பிகை “சரிங்க” என்று கேட்டுக்கொண்டாள்.

கும்பகோணம் வந்தால் மங்களாம்பிகை காப்பித்தூள் அரைத்து வாங்காமல் திரும்பியதில்லை. கொழுந்து வெற்றிலை ஒரு கவுளிக் கட்டாவது பையில் ஏறும். அன்று இரண்டு கடையையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பூர்ணிமா பின்னாலேயே ஓடினாள்.

பஸ் பாதி தூரம் வந்த பிறகு ஒரே ஒரு கேள்வி வந்தது.

“சூட்டுக்கு எதுக்குடி என்னை வெளில அனுப்பினாங்க?”

பூர்ணிமா மருந்துச் சீட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அவள் மடியில் இருந்தது பாவமா, பாரமா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மங்களாம்பிகை வாசல் கதவைத் தாழ் போட்டாள். மேலண்டை வயலில் அறுப்பு மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அதை எட்டிப் பார்க்கக்கூட அவள் போகவில்லை.

“யாருடி அவன்?”

“அத்தை…”

“கேபிள்காரனா? அந்த நெட் சென்டர்ல உனக்குப் போன் கார்டு விக்கிறானே, அவனா? பக்கத்துத் தெரு ரெங்கசாமி மவன் எதுக்கு நம்ம தெருவுல வண்டிய நிறுத்திட்டு நிக்கிறான்?”

“அய்யோ, அத்தை, வாயால சொல்லாதீங்க.”

“நான் சொல்லலைன்னா ஊரு சொல்லும். என் புள்ள அங்க வெயில்ல வெல்டிங் அடிச்சுக் கருகுறான். சாயங்காலம் போன் வரும். நான் அவன்கிட்ட என்ன சொல்லட்டும்? யாருன்னு சொல்லு. இல்லைன்னா இப்பவே உங்கப்பனை வரச் சொல்றேன், பொட்டியக் கட்டு.”

பூர்ணிமா எழுந்தாள். பீரோவைத் திறந்தாள். கூரைப் புடவையைத் தூக்கினாள். கவர் முடிச்சை அவிழ்க்கக்கூட முடியவில்லை. உள்ளே இருந்தது இளகிக் கவரோடு ஒட்டிப் பிசுபிசுத்துக் கிடந்தது. அப்படியே கொண்டுவந்து மாமியார் காலடியில் வைத்தாள்.

“இதுதான்.”

பாச்சா உருண்டை வாசம் கூடத்தில் பரவியது. மங்களாம்பிகை குனிந்து பார்த்தாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

“எங்க வாங்கின இந்தக் கருமத்தை?”

“உங்க மவன்தான் குடுத்துட்டுப் போனாரு.”

“அவனா?”

“நான் கேக்கலத்தை. எனக்கு இது வேணும்னு நான் கேக்கவே இல்ல. அவரு போயிட்டாரு, குழந்தையும் போயிட்டா, நீங்க விடிஞ்சா வயலுக்குப் போயிடறீங்க. நான் இந்த வீட்டுல யாருகூட இருக்கேன்? இதை எப்படிக் கழுவணும், எப்படி வச்சுக்கணும்னு தெரியாமத்தான் புண்ணு வந்துடுச்சு. நான் யாருகிட்டப் போயி கேக்க முடியும்? சொல்லுங்க. யாருகிட்ட?”

மங்களாம்பிகை ஊஞ்சல் பலகையில் போய் உட்கார்ந்தாள். அதை ஆட்டவில்லை. அங்கிருந்தபடியே கவரைப் பார்த்துக் கேட்டாள்.

“இதுக்குப் போயி எதுக்குடி பாச்சா உருண்டை?”

“பீரோல வைக்கற எல்லாத்துக்கும் போடுவோமே.”

மங்களாம்பிகையின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பதற்கா, அழுவதற்கா என்று தெரியவில்லை.

“உங்க மாமா போனப்போ எனக்கு உன் வயசுதான்” என்றாள். “அன்னிலேர்ந்து நானும் வயலைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

பூர்ணிமா நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் பேசாத பேச்சு அது. அவள் நகர்ந்து போய் ஊஞ்சலின் அடியில், மாமியார் முழங்கால் பக்கமாக, ஒருக்களித்து உட்கார்ந்தாள்.

“என்ன பண்ணச் சொன்னாங்க டாக்டரம்மா, இதை?”

“தூக்கிப் போடச் சொன்னாங்க.”

“எங்கன்னு போடுவ? வாய்க்கால்ல விட்டா மதகுல போயி நிக்கும், தண்ணி தொறக்கற பஞ்சநதம் எடுத்து ஊரு பூரா காட்டுவான். குப்பைல போட்டா நாய் இழுத்துக்கிட்டு வரும்.” அவள் கொஞ்சம் யோசித்தாள். “சரி, வை. கொல்லைல வாழைக்கு அடியில நானே பொதைச்சிடறேன்.”

செல்போன் அடித்தது. சூர்யபிரகாஷ்.

மங்களாம்பிகைதான் எடுத்தாள். அவன் குசலம் விசாரித்து முடிப்பதற்குள்ளாகவே, “கையெழுத்துப் போடாதடா. கெளம்பி வந்து சேரு” என்றாள்.

கூடத்தின் அமைதியில் அவன் குரல் பூர்ணிமாவுக்கும் கேட்டது. “என்னம்மா சொல்ற? போன வாரம் நீதானே போடச் சொன்ன?”

“போன வாரம் சொன்னேன். இப்ப வேணாங்கறேன். மாடி கெடக்கட்டும்.”

“அம்மா… மத்தியானமே போட்டுக் குடுத்துட்டேன். நீ எப்படியும் அதைத்தான் சொல்லுவேன்னு…”

மங்களாம்பிகை போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு கணம் வெறித்துப் பார்த்தாள். பிறகு மருமகள் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போனாள். டிரங்குப் பெட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

“பூர்ணி? அம்மாவுக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லீங்க. நீங்க வாங்கிக் குடுத்தது கெட்டுப் போச்சு.”

“ஓ… சரி, விடு. அடுத்த தடவை வரும்போது நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வர்றேன்.”

அடுத்த தடவை. நல்லதாக வாங்கிக்கொண்டு வருவான், அவளும் இனிமேல் ஒழுங்காகக் கழுவித் துடைத்து வைத்துக்கொள்வாள். இவ்வளவுதானா மிச்சமிருக்கிற ஆயுள்?

மங்களாம்பிகை வெளியே வந்தாள். வந்தவள் கையில் இருந்ததை மருமகள் மடியில் போட்டாள். நீல அட்டைப் பாஸ்போர்ட். அதிலிருந்தும் அதே பாச்சா உருண்டை வாசம் கிளம்பியது.

“நானும் இதை இப்படித்தான் வச்சிருந்தேன்” என்றாள். “அறுப்பை நான் பாத்துக்கறேன். நீ கெளம்பற வழியப் பாரு.”

பூர்ணிமா பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். திறந்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய தன் முகம், அதில் லேசான ஒரு சிரிப்புகூட இருந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஏங்க, நான் அங்க வரட்டுமா? அத்தையே போகச் சொல்றாங்க. ஒரு மாசமாவது உங்ககூட இருந்துட்டு வர்றேனே.”

சந்தோஷத்தில் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன் இதற்காகக் கெஞ்சியவன் அவன்தானே. போனில் எங்கோ தூரத்தில் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. மெஸ்ஸில்தான் சாப்பாடு என்று சொல்கிறவன் இருக்கிற இடத்தில் மிக்ஸி ஏது? பிறகு அதுவும் நின்றது.

“இங்கயா?” என்றான் சூர்யபிரகாஷ். குரல் சட்டென்று தணிந்திருந்தது. “இப்பவா? வேணாம் பூர்ணி.”

“ஏன்?”

போனைக் கை பொத்துகிற கரகரப்பு மட்டும் கேட்டது.

“என்னடி சொல்றான்?” என்று மங்களாம்பிகை ஆவலாகக் கேட்டாள்.